ஒரு ரூபாயா, பத்து ரூபாயா? நோட்டுச் சேகரிப்பை எதில் தொடங்குவது

இந்திய ரூபாய் நோட்டுகளைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட கசங்கிய நோட்டு ஒன்று, எண்ணுக்கு நடுவே நட்சத்திரம் உள்ள நோட்டு இரண்டு, 786 என்று முடியும் நோட்டு ஒரு பிடி, செல்லாமல் போன ஆயிரம் ரூபாய் ஒன்று. ஆல்பம் ஒரே ஆண்டில் நிறைந்துவிடும். அதைப் பார்க்க வருகிற ஒருவரிடம் இது என்ன தொகுப்பு என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியாது. சேகரிப்பு என்றால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். எது உள்ளே வரும், எது வராது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதையும் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். நடுத்தர வருமானம் உள்ளவர் இதை என்றைக்காவது முடிக்க முடியுமா? நோட்டைக் கையில் எடுத்தால் அதன் முகமே வரலாற்றைச் சொல்கிறதா? அனுபவம் இல்லாதவர் ஏமாறுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது? இந்தக் கேள்விகளைக் கேட்டால் சில வழிகள் உடனே அடிபட்டுப் போகும். கடைசியில் மிஞ்சும் போட்டி ஒரு ரூபாய் நோட்டுக்கும் பத்து ரூபாய் நோட்டுக்கும்தான்.

முதலில் அடிபடுவது ரிசர்வ் வங்கிக்கு முந்தைய காலம். 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டத்துக்குப் பிறகுதான் நோட்டு வெளியிடும் உரிமை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. விக்டோரியா மகாராணியின் சிறிய படத்தோடு, ஒரு பக்கம் மட்டும் அச்சான நோட்டுகள் முதலில் வந்தன. கள்ள நோட்டுத் தொல்லையால் சில ஆண்டுகளிலேயே அவற்றைக் கைவிட்டு வேறு வடிவத்துக்குப் போனார்கள். அந்தக் கால நோட்டுகளில் சென்னை, கல்கத்தா, பம்பாய் என்று வெளியிட்ட வட்டத்தின், அதாவது நோட்டு வெளியிடுவதற்காகப் பிரித்த பகுதியின், பெயர் இருக்கும். பெருந்தொகை நோட்டைத் தபாலில் அனுப்புகிறவர்கள் அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதி போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகே மறுபாதியை அனுப்புவார்கள். ஆகவே இன்று கிடைப்பவற்றில் நடுவே ஒட்டுப் போட்டவை உண்டு. மதராஸ் வட்டத்து நோட்டு ஒன்று வேண்டும் என்று எந்தத் தமிழருக்கும் ஆசை வரும், எனக்கும் உண்டு. விலையும் அபூர்வமும் சேர்ந்து இதை ஏல மன்றங்களின் பொருளாக ஆக்கிவிட்டன. தொடங்குகிறவருக்கு இது வழி இல்லை.

அடுத்தது பெரிய மதிப்பு நோட்டுகள். 1954இல் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் மறுபடி வந்தன. ஆயிரத்தின் பின்புறம் தஞ்சைப் பெரிய கோயில். ஐயாயிரத்தில் மும்பையின் இந்தியா நுழைவாயில். பத்தாயிரத்தில் சிங்கத் தூண். அழகில் தஞ்சை நோட்டை மிஞ்ச இந்திய நோட்டு வேறு இல்லை என்பது என் கட்சி. ஆனால் 1978 ஜனவரியில் இவை மூன்றும் செல்லாதவை ஆக்கப்பட்டு, திரும்பி வந்தவை அழிக்கப்பட்டன. கறுப்புப் பணக்காரர்களைப் பிடிக்க எடுத்த நடவடிக்கை, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் சேகரிப்பாளர்களைத்தான் படுத்துகிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு தஞ்சை நோட்டுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு ரூபாய்த் தொகுப்பின் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

2016 நவம்பர் 8ஆம் தேதி செல்லாமல் போன 500, 1,000 ரூபாய் நோட்டுகளை இதற்கு மாற்றாக நினைப்பவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017இல் வந்த சட்டத்தின்படி ஒருவர் இவற்றில் மொத்தம் பத்து நோட்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ நாணயவியல் சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை அனுமதி உண்டு. மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. ஆளுநர் கையெழுத்து, எண்ணின் கீழ் மங்கலாக அச்சாகும் உள்ளெழுத்து என்று வகை பிரிக்கத் தொடங்கினால் இருபத்தைந்து எந்த மூலைக்கும் போதாது. இந்த வாசலும் மூடியாகிவிட்டது.

மூன்றாவது, இப்போது இணையத்தில் மிக அதிகமாகக் கூவி விற்கப்படுவது: விசேஷ எண்கள். 786, 000001, 123456, பிறந்த தேதி, முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் எண். இதில் நோட்டின் வரலாறும் இல்லை, வடிவமைப்பும் இல்லை. அச்சு இயந்திரத்தில் எண் உருளை சுற்றியபோது விழுந்த தற்செயல் மட்டுமே. இதற்கு விலை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அதில் எனக்கு ரசனை இல்லை, அவ்வளவுதான். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று அழைப்பவர்கள் முதலில் கேட்பது பதிவுக் கட்டணமும் வரியும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு வியாபாரத்துக்குக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது.

ஸ்டார் நோட்டு கொஞ்சம் வேறு சங்கதி. அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக நோட்டுக் கட்டுக்குள் வைக்கப்படும் மாற்று நோட்டு அது. எண்ணுக்கும் அதன் முன்னெழுத்துக்கும் இடையே நட்சத்திரம் இருக்கும். 2006இல் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்களில் இந்த முறை வந்தது. அதற்கு ஒரு காரணமும் காலமும் உண்டு என்பதால் மதிக்கலாம். ஆனால் அது ஒரு தொகுப்பின் கிளையாக இருக்கலாமே தவிர, வேராக இருக்க முடியாது.

இனி உண்மையான போட்டிக்கு வருகிறேன்.

பத்து ரூபாயின் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. 1935 ஏப்ரல் 1இல் தொடங்கிய ரிசர்வ் வங்கி 1938 ஜனவரியில் தன் முதல் நோட்டாக ஐந்து ரூபாயை வெளியிட்டது. அடுத்த மாதமே பத்து ரூபாய் வந்துவிட்டது. அன்று முதல் இன்று வரை அது மக்கள் கையில் புழங்கிக்கொண்டே இருக்கிறது. அதன் பின்புறத்தை மட்டும் வரிசையாக அடுக்கினாலே நாடு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பது தெரிந்துவிடும். சுதந்திரத்துக்குப் பின் பல ஆண்டுகள் பாய்மரக் கப்பல். 1960களின் பிற்பகுதியில் செலவைக் குறைக்க நோட்டுகளின் அளவு சுருக்கப்பட்டபோது கப்பலும் கூடவே சுருங்கியது. 1969இல் காந்தி நூற்றாண்டு. சேவாகிராம ஆசிரமத்தின் பின்னணியில் காந்தி அமர்ந்திருக்கும் நோட்டு, இந்திய நோட்டுகளில் காந்தி வந்த முதல் தடவை அதுதான். பிறகு மயில். பிறகு காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டம். 1996இல் மகாத்மா காந்தி வரிசை தொடங்கியபோது புலி, யானை, காண்டாமிருகம். 2018இல் சாக்லேட் பழுப்பு நிறத்தில் கோனார்க் தேர்ச் சக்கரம். அந்தச் சக்கரம் முன்பு இருபது ரூபாயில் இருந்தது. மதிப்பில் பாதி குறைந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது!

காந்தி சுதந்திரம் கிடைத்தவுடனேயே நோட்டில் வரவேண்டியவர். மன்னர் படத்துக்குப் பதிலாக அவர் படத்தைப் போட வடிவமைப்புகள்கூடத் தயாராயின. கடைசியில் சாரநாத்துச் சிங்கத் தூண் போதும் என்று முடிவாயிற்று. 1987இல் 500 ரூபாயில் அவர் முகம் வந்து, 1996க்குப் பிறகு வங்கி வெளியிடும் எல்லா நோட்டிலும் நிலைத்தது. இந்த மாற்றங்கள் அனைத்தையும் பத்து ரூபாய் ஒன்றை வைத்தே காட்டிவிடலாம். ரூபாய்க் குறியீடு 2010இல் ஏற்கப்பட்டதற்கு முன்பு அச்சானது, பின்பு அச்சானது. பின்புறம் ஆண்டு இல்லாதது, உள்ளது. எண்கள் ஒரே அளவில் உள்ளவை, இடமிருந்து வலமாகப் பெருத்துக்கொண்டே போகிறவை. கண்ணுக்கு விருந்து என்றால் பத்து ரூபாய்தான்.

ஆனால் பத்து ரூபாயை எடுப்பவர்கள் படங்களோடு நிற்பதில்லை. ஒவ்வோர் ஆளுநரின் கையெழுத்துக்கும் ஒரு நோட்டு என்று போவார்கள். அங்கேதான் இடிக்கிறது. ரிசர்வ் வங்கியின் முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் எந்த நோட்டிலும் கையெழுத்திடவில்லை. நோட்டு வெளிவரும் முன்பே பதவி விலகிவிட்டார். 1957இல் சில வாரங்கள் ஆளுநராக இருந்த அம்பேகாவ்கரின் கையெழுத்தும் வங்கியின் நோட்டுகளில் இல்லை. 1975இல் மூன்று மாதம் பதவி வகித்த சென்குப்தாவின் கையெழுத்து ஆயிரம் ரூபாயில் மட்டுமே இருக்கிறது. 1985 தொடக்கத்தில் மூன்று வாரம்கூட முழுதாக இராத அமிதவ கோஷின் கையெழுத்தை ஐம்பது ரூபாயில்தான் தேட வேண்டும். 1970இல் ஆறு வாரம் இருந்த அதார்கர் பத்து ரூபாயில் இருக்கிறார். ஆனால் அவருடைய காந்தி நூற்றாண்டு நோட்டு, அதே நோட்டில் எல்.கே. ஜா கையெழுத்து உள்ளதைவிடப் பல மடங்கு விலை. ஆக, பத்து ரூபாயில் ஆளுநர் வரிசையை முழுமையாக்கவே முடியாது. கையில் எத்தனை கோடி இருந்தாலும் அந்த ஓட்டைகள் ஓட்டைகளாகவே இருக்கும்.

அதோடு உள்ளெழுத்துகள். எண் வரிசையின் கீழ் மங்கலாக அச்சாகும் ஏ, பி, எல், ஆர் போன்ற எழுத்துகளை நோட்டுக்காரர்கள் ‘இன்செட்’ என்பார்கள். ஆளுநர், ஆண்டு, இன்செட், ஸ்டார் என்று பெருக்கினால் 1996க்குப் பிந்தைய பத்து ரூபாய் மட்டுமே பல ஆல்பங்களை விழுங்கும். அது ஒரு நோய் மாதிரி; தொற்றிக்கொண்டவர்களை அறிவேன்.

ஒரு ரூபாய்க்கு வருவோம். பார்த்த மாத்திரத்தில் இது சப்பென்று இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பல் இல்லை, மயில் இல்லை. காகிதத்தின் மேல் நாணயத்தின் படத்தை அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாணயப் படத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

முதல் உலகப்போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. கனமான வெள்ளி ரூபாயை அடித்துக் கட்டுப்படியாகவில்லை. 1917 நவம்பர் 30ஆம் தேதி, ஐந்தாம் ஜார்ஜ் நாணயத்தின் படத்தோடு ஒரு ரூபாய் காகிதத்தில் வந்தது. நாணயத்துக்குப் பதில் இது என்று மக்களுக்குப் புரிய வைக்க அந்தப் படமே போதுமாக இருந்தது. 1926இல் நிறுத்தினார்கள். இரண்டாம் போர் வந்ததும், 1940 ஆகஸ்டில் மறுபடி எடுத்தார்கள். அப்போது செய்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது: சட்டத்தின் கண்ணில் ஒரு ரூபாய் நோட்டு நோட்டே அல்ல, ரூபாய் நாணயத்துக்குச் சமம். ஆகவே அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அன்று, இந்திய அரசு. மேலே வங்கியின் பெயர் இருக்காது. ‘கொண்டுவருபவருக்குத் தர உறுதியளிக்கிறேன்’ என்ற வாசகம் இருக்காது; மற்ற நோட்டுகள் எதைத் தருவதாக உறுதியளிக்கின்றனவோ அதுவே இது என்ற பிறகு உறுதிமொழிக்கு என்ன வேலை? ஆளுநரின் கையெழுத்தும் இருக்காது. நிதித்துறைச் செயலரின் கையெழுத்து இருக்கும்.

சுதந்திர இந்தியாவின் முதல் புதிய வடிவ நோட்டும் இந்த ஒரு ரூபாய்தான். 1949இல், கே.ஆர்.கே. மேனன் கையெழுத்தோடு, மன்னர் போய்ச் சிங்கத் தூண் வந்தது. 1957இல் அணாவும் தம்பிடியும் போய் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானதும் நோட்டில் இருந்த நாணயப் படமும் மாறியது. 1969இல் மற்ற நோட்டுகளில் காந்தி சேவாகிராமத்தில் உட்கார்ந்திருக்க, இதில் அவர் நாணயத்துக்குள் வந்தார். அந்த நோட்டில் ஐ.ஜி. படேலின் கையெழுத்து. 1980களில் பின்புறத்தில் பம்பாய்க் கடலின் எண்ணெய்த் துரப்பண மேடையான சாகர் சாம்ராட். இவ்வளவு சின்ன நோட்டில் இவ்வளவு பெரிய இரும்பு மேடையை ஏன் திணித்தார்கள் என்று நான் முணுமுணுத்தது உண்டு. அந்த ஆண்டுகளில் சொந்த எண்ணெய் என்பது எவ்வளவு பெருமையான செய்தி என்பதை நினைத்தால் நியாயம் தெரிகிறது.

1994 நவம்பரில் அச்சடிப்பது நின்றது. அடுத்த ஆண்டு இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் அதே வழியில் போயின. சின்ன நோட்டு சீக்கிரம் கிழிகிறது, அச்சுச் செலவு கட்டவில்லை என்பதே காரணம். பிறகு 2015 மார்ச்சில், ராஜஸ்தானின் நாத்வாரா கோயிலில், நிதிச் செயலர் ராஜீவ் மெஹ்ரிஷி கையெழுத்தோடு ஒரு ரூபாய் நோட்டு மீண்டும் வெளியானது. ஒன்றை அச்சடிக்க ஒரு ரூபாய் பதினான்கு காசு ஆகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே தெரியவந்தபோது பத்திரிகைகள் சிரித்தன. கல்யாண மொய்யில் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று எழுதுகிற ஊரில் அந்த ஒன்றுக்கு மவுசு குறையவில்லை. புது ஒரு ரூபாய்க் கட்டு வெளியில் முகமதிப்புக்கு மேல் விற்பதை எந்த நோட்டு மாலைக் கடையிலும் பார்க்கலாம்.

இப்போது கையெழுத்து வரிசைக்கு வாருங்கள். மேனன் முதல் 1994இல் மான்டேக் சிங் அலுவாலியா வரை, பிறகு 2015 முதல் வந்த மெஹ்ரிஷி, ரத்தன் வட்டல், சக்திகாந்த தாஸ், சுபாஷ் சந்திர கார்க், அதனு சக்ரவர்த்தி வரை எண்ணினால் இருபதுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். இது முடியக்கூடிய தொகுப்பு. பத்து ரூபாயில் கிடைக்காத அம்பேகாவ்கர் இங்கே இருக்கிறார். நிதித்துறைச் செயலராக ஒரு ரூபாயில் கையெழுத்திட்டிருக்கிறார். பூதலிங்கம், ஜகந்நாதன், வெங்கிடரமணன் என்று நமக்குப் பழகிய பெயர்களும் வரிசையில் வருகின்றன.

இந்த இரண்டு வழிகளும் சந்திக்கிற இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நிதித்துறைச் செயலராக இருந்த பலர் பின்னர் ரிசர்வ் வங்கி ஆளுநர்களானார்கள்: எல்.கே. ஜா, ஜகந்நாதன், ஐ.ஜி. படேல், மன்மோகன் சிங், மல்ஹோத்ரா, வெங்கிடரமணன், பிமல் ஜலான், சக்திகாந்த தாஸ். ஒரே மனிதரின் கையெழுத்து, ஒரு ரூபாயில் அரசின் சார்பில், பத்து ரூபாயில் வங்கியின் சார்பில். மன்மோகன் சிங்கின் ஒரு ரூபாயையும் பத்து ரூபாயையும் அடுத்தடுத்து வைத்தால், ஒருவர் பிரதமராவதற்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை ஒரு பக்கத்தில் காட்டிவிடலாம். இரண்டுமே எட்டாத விலை இல்லை.

எனவே என் தீர்ப்பு இது: கையெழுத்து வரிசைக்கு ஒரு ரூபாய், படத்துக்காகப் பத்து ரூபாயில் வடிவத்துக்கு ஒன்று மட்டும், கையெழுத்து யாருடையதாக இருந்தாலும் சரி. கப்பலில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று, நூற்றாண்டுக் காந்தி ஒன்று, மயில், ஷாலிமார், மூன்று மிருகம், கோனார்க். இன்செட்டின் பக்கம் தலைவைக்காதீர்கள். பத்து ரூபாயில் கையெழுத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்கு, ஒரே மனிதர் இரண்டு நோட்டிலும் கையெழுத்திட்ட ஜோடிகள் மட்டும் விதிவிலக்கு.

இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள். வண்ணங்களிலும் படங்களிலும் ஈடுபாடு உள்ள பிள்ளைகளுக்காகத் தொகுப்பைத் தொடங்குகிறவர் ஒரு ரூபாயை எடுத்தால் பிள்ளை இரண்டாம் வாரமே ஓடிவிடும். அவர்கள் பத்தோடு நிற்காமல் 1996க்குப் பிந்தைய எல்லா மதிப்புகளையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்: நூறு ரூபாயில் கஞ்சன்ஜங்கா, ஐம்பதில் நாடாளுமன்றம், 2016க்குப் பிந்தைய வரிசையில் ஹம்பியின் கல் தேர், எல்லோரா, சாஞ்சி, குஜராத்தின் ராணிப் படிக்கிணறு. செலவு பெரும்பாலும் முகமதிப்புதான். பதினைந்து மொழிகள் உள்ள பட்டியலில் தமிழைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

ஏமாறும் அபாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ரூபாயில் கள்ள நோட்டு அபூர்வம், அடிப்பவனுக்குக் கட்டுப்படியாகாது. ஏமாற்று வேலை நிலையில்தான் நடக்கிறது. கசங்கிய பழைய நோட்டை அலசி, அழுத்தித் தேய்த்து, ‘யு.என்.சி.’ என்று விற்பார்கள். புழக்கத்துக்கே போகாத நோட்டு என்பது அதன் பொருள். கண்டுபிடிப்பது கடினம் அல்ல. நோட்டை விளக்குக்கு நேராகப் பிடிக்காமல், கண் மட்டத்தில் படுக்கை வசமாகப் பிடித்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லச் சாயுங்கள். தேய்த்து மறைத்த மடிப்பு அப்போது ஒரு நூல் போலத் தெரியும். அலசிய காகிதம் தொய்ந்து இருக்கும். நுனியில் பிடித்து ஆட்டினால் மொடமொடவென்ற சத்தம் வராது. மூலைகளைப் பாருங்கள்: உண்மையான புது நோட்டில் ஊசி மாதிரி இருக்கும், அலசியதில் பஞ்சு போல விரிந்திருக்கும். பழைய ஒரு ரூபாயில் மையின் நிறம் பளிச்சென்றும் காகிதம் சுண்ணாம்பு வெளுப்பாகவும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இடப்பக்கம் ஊசித் துளை இரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் வங்கிகள் நூறு நோட்டுகளைக் கட்டாக்கிக் கம்பி அடித்துத்தான் வைத்தன. 2001 வாக்கில் ரிசர்வ் வங்கி அதைத் தடுத்த பிறகே காகிதப் பட்டை வந்தது. 1994க்கு முந்தைய நோட்டு துளையே இல்லாமல் இருந்தால் அதற்குத் தனி விலை சொல்வார்கள். துளையுள்ளதை வாங்கி, மிச்சப்பட்ட காசில் அடுத்த கையெழுத்தை வாங்குவதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். துருப்பிடித்த கம்பியின் கறை காகிதத்தில் பரவியிருந்தால் மட்டும் வேண்டாம். அது இன்னும் பரவும்.

2015க்குப் பிந்தைய நோட்டை வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீர்க்குறியில் சிங்கத் தூண், நடுவே மறைவாக 1 என்ற எண், வலப்பக்கம் செங்குத்தாக இந்தியில் ‘பாரத்’ என்ற சொல் தெரிய வேண்டும். இவற்றைத் தனி நோட்டாக அதிக விலைக்கு வாங்காதீர்கள். கட்டாக வாங்கும் நண்பர் யாராவது இருந்தால் ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

வைப்பதற்குச் சாதாரண பிளாஸ்டிக் உறை ஆகாது. பி.வி.சி. உறை நாளடைவில் கசிந்து நோட்டில் ஒட்டிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறை என்று கேட்டு வாங்குங்கள். லேமினேஷன் செய்தால் நோட்டு செத்தது.

வாங்கும் வரிசை ஒன்று சொல்கிறேன். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த நோட்டுகளை முதலில் முடியுங்கள். பிரதாப் கௌல், வெங்கிடரமணன், கோபி அரோரா, ஜலான் ஆகியோரின் நோட்டுகள் புது நிலையிலேயே எளிதில் கிடைக்கின்றன. நல்ல காகிதம் எப்படி இருக்கும் என்று கை பழகுவதற்கு இவைதான் பாடம். அதன் பிறகு மன்மோகன் சிங், ஐ.ஜி. படேலின் காந்தி நோட்டு. பூதலிங்கமும் ஜகந்நாதனும் அதற்கு அடுத்து. மேனனின் 1949 நோட்டைக் கடைசிக்கு விடுங்கள். அதற்கு நிலையில் விட்டுக்கொடுக்க வேண்டி வரும், எந்த அளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். மன்னர் காலத்து 1917, 1940 நோட்டுகளை வரிசையில் சேர்ப்பதா என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம். நான் 1940ஐச் சேர்த்திருக்கிறேன். 1917க்கு இன்னும் பணம் சேரவில்லை.